எளியது, போதுமானது

எங்கள் ஊரில் தபால்காரர் மேலே ஏறுவதில்லை.
பெட்டிகள் எல்லாம் கீழே, பஸ் திரும்பும் இடத்தில்.
என் வாசலிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு கல்படி.
கால் தரமாட்டோம் என்கிற கடிதத்தை எடுத்துவர
முதலில் ஒரு கால் வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் வந்தது.
"மின்னணு முழங்கால் மூட்டு: மறுக்கப்படுகிறது.
காப்பீடு பெற்றவருக்கு உரியது
எளிய, போதுமான உபகரணம்.
அதற்கு மேற்பட்டது வசதி."
நட்பார்ந்த வணக்கங்களுடன், மெங்கியா தெருங்ஸ் அவர்களே,
என்று முடித்திருந்தார்கள்.

பதினாறு வருடம் நான் எண்ணெய் போட்ட ரோப்கார் கப்பி.
அது என்னைத் தெரியாததுபோல் இழுத்துக்கொண்டது.
இடது கால், தொடையில் பாதியோடு.

சூர் நகரத்துப் பட்டறையில் யாக்கென்
ஆறு வாரத்துக்கு அந்த மூட்டை இரவல் தந்திருந்தான்.
நான் தடுமாறப்போவது
எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்தது.
விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக
படியைப் பார்க்காமல் படி இறங்கினேன்.
எதிர்மலையில் பனி எதுவரை வந்திருக்கிறது
என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன்.
திருப்பிக் கொடுத்தபோது சார்ஜரையும் கேட்டான்.
கேட்க அவனுக்கே கூச்சம்.

அவர்களுடைய மருத்துவர் என்னைச் சோதித்தது
லினோலியம் விரித்த நடைக்கூடத்தில்.
பத்து மீட்டர். போய் வாருங்கள் என்றார்.
போய் வந்தேன்.
நன்றாக நடக்கிறீர்களே என்றார்.
அசடுபோல நன்றி சொன்னேன்.
அந்த நன்றி இப்போது கோப்பில், பக்கம் முப்பத்தொன்று.

ஆட்சேபிக்க முப்பது நாள்.
அதில் இருபத்தாறைக் கோபத்திலேயே செலவழித்தேன்.
லூரெஞ் சொன்னான்: கீழே சமதளத்தில் வீடு பார்க்கலாமே.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் அவன்தான்
பால் கணக்கு நோட்டில் பாதியைக் கிழிக்காமல் மிச்சம் விட்டு
தலைப்பு எழுதினான்: விழுந்தவை.

தேதி, படி எண், மழையா பனியா, கையில் என்ன இருந்தது.
எண்பதாம் படியில் முட்டைகள்.
ஐந்தாம் படியில் ஒன்றுமில்லை, வெறும் நான்.
பத்தொன்பது வரிகள் அனுப்பினோம்.
பதில் வந்தது:
"பத்தொன்பது வீழ்ச்சியிலும் எலும்பு முறியவில்லை.
எனவே தற்போதைய மூட்டு போதுமானதென்று தெரிகிறது."
லூரெஞ் சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு அவன் வெளியே போய்
தேவைக்கு மேல் விறகு பிளந்தான்.

கணக்கில் கால் என்றால் நாலில் ஒன்று.
எனக்கு இரண்டில் ஒன்று.
இதை வழக்கறிஞரிடம் சொன்னேன்;
மனுவில் சேர்க்க முடியாது என்றார்.

நீதிமன்றம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
மறுபடி அளந்து வா, அவள் வாழும் இடத்தில் அளந்து வா
என்று கோப்பைத் திருப்பி அனுப்பியது.
அதற்கே பதிமூன்று மாதம்.

நவம்பரில் வந்தார் திரு. ட்சோலிங்கர்.
நகரத்துச் செருப்பு. நல்ல மனிதர்.
காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடித்தார்.
என்னை இறங்கச் சொன்னார், ஏறச் சொன்னார், குறித்தார்.
முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
விடைபெற்றுக் கிளம்பும்போது உறைபனி தொடங்கியிருந்தது.
நான் சன்னலில் நின்றேன்.
கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு,
ஒவ்வொரு படியாக,
பக்கவாட்டில், நண்டுபோல இறங்கினார்.

நோட்டை எடுத்தேன். இருபதாம் வரி:
நவம்பர் பதினான்கு. உறைபனி. மதிப்பீட்டாளர்.
விழவில்லை.
சொந்தக் கால் இரண்டு.
கம்பியில் கை இரண்டு.

அதை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.
இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பஸ் வந்துபோன சத்தம் கேட்டது.
பெட்டியில் ஏதாவது இருக்கலாம்.
லூரெஞ் போகிறேன் என்கிறான்.
வேண்டாம்.
கோலை எடுத்துக்கொள்கிறேன்.